ஒதுக்கியது ஊரா, ஒதுங்க வைத்தது உடலா?

நடுவர் அவர்களே, கருவாட்டைக் காயப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் அக்கா தங்கச்சிகளே, வணக்கம். மனநோய் வந்தவர் மனிதர்களை விட்டு விலகுவதற்கு முதல் காரணம் ஊர்தான் என்று எதிரணி அண்ணன் ஏர்வாடியைச் சொன்னார். உடல்தான் என்பது எங்கள் அணியின் கட்சி. மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப் போனார்கள். அது மனிதர்கள் செய்த கொடுமை, அதில் நான் வாதாடவே மாட்டேன். ஆனால் அண்ணே, சங்கிலி வருவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேச்சை நிறுத்தியிருப்பார்களே, அது எதனால்?

பாம்பன் பக்கம் ஒரு பையன், இருபது வயது இருக்கும். மனச்சிதைவு நோய். கிழிந்த வலையைத் தைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கூடப் படித்தவன் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் மிட்டாய் நீட்டுகிறான். இவன் வாங்கிக் கையிலேயே வைத்திருக்கிறான், முகத்தில் ஓர் அசைவு இல்லை. "திமிரு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

திமிர் இல்லை ஐயா! எதிரே இருப்பவர் முகம் சிரிக்கிறதா, கோபப்படுகிறதா என்று பிரித்துச் சொல்வதே இந்த நோயில் பலருக்குத் தடுமாறுகிறது. உள்ளே தோன்றும் உணர்ச்சிகூட முகத்துக்கு வந்து சேராது. இளம் வயதில் மூளை தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும், எல்லோருக்கும் நடப்பதுதான். இந்த நோயில் அந்தக் கழிப்பு அளவு மீறுவதில் சி4 என்ற மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் வாலிபத்தில் இந்த நோய் தலைகாட்டுவதும் இதோடு பொருந்துகிறது.

சரி, இரட்டையரைப் பாருங்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய் இது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போகிறது. முழுசாக ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்பார். மிச்சத்தில் பிறக்கும்போது வரும் சிக்கலுக்கும் வளர்ப்புக்கும் ஊருக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முதல் காரணம் எது என்பதுதானே தலைப்பு?

மனச்சோர்வில் ஆட்களோடு இருப்பதில் கிடைக்கும் இன்பமே வற்றிவிடுகிறது. அல்சைமர் என்ற மறதி நோய் வந்த தாத்தா டீக்கடைக்குப் போவதை நிறுத்துகிறார். இவர்களை எந்த ஊர் ஒதுக்கியது?

இன்னொன்று. மனச்சிதைவுக்கு 1952-லிருந்து மருந்து இருக்கிறது, காதில் கேட்கும் குரல்களை அது பலருக்கு அடக்குகிறது. ஆனால் இந்த ஒதுங்கலை அவ்வளவாக அசைக்கவில்லை. பழகும் பயிற்சி கொடுத்தால் ஓரளவு தேறுகிறார்கள், அது போதாது. இதற்கென்று மருந்து தேட வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். வெறும் திமிர் என்று நினைக்கிற வரை யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.