இருட்டில் எண்ணுகிறவர்கள்

(சென்னையில் ஒரு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

என்னை அழைத்த பேராசிரியர், "எங்க பிள்ளைங்க பல பேர் வெளிநாடு போய்த் தன்னார்வலரா வேலை செய்யணும்னு ஆசைப்படறாங்க. நீங்க போயிட்டு வந்தவர், என்ன ஏதுன்னு சொல்லுங்க" என்றார். சரி, சொல்கிறேன். நான் போனது ஒரே ஓர் இடத்துக்கு. அதனால் அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இரவு பதினொரு மணி. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் ஈர மணலில் குப்புறப் படுத்திருக்கிறேன். வலது கை முழங்கைக்கு மேல் வரை ஒரு குழிக்குள். குழியின் மேல் நூறு கிலோவுக்குக் குறையாத ஒரு தாய் ஆமை. முட்டைகள் இரண்டும் மூன்றுமாக என் உள்ளங்கையில் விழுந்து, விரல் இடுக்கு வழியாக நழுவிக் கீழே போகின்றன. பிங்பாங் பந்து அளவு. ஆனால் கோழி முட்டை மாதிரி ஓடு கிடையாது, தோல்போல மெத்தென்று இருக்கும். கையுறையைத் தாண்டியும் அந்த வழவழப்பு தெரிகிறது. இடது கையில், கட்டை விரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண் கூடுகிற ஒரு சின்னக் கருவி. ஒரு முட்டைக்கு ஓர் அழுத்து. அன்றைக்கு 112இல் வந்து நின்றது. சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். தன்னார்வத் தொண்டு என்று நான் அங்கே செய்தது, பெரும்பாலும் இதுதான்.

இடத்தின் பெயர் டோர்ட்டுகேரோ. மத்திய அமெரிக்காவில், கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் கரீபியக் கடலோரம். பெயரிலேயே ஆமை இருக்கிறது, ஸ்பானிய மொழியில் டோர்ட்டுகா என்றால் ஆமை. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கால்வாய்களின் வழியே படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் சின்ன விமானம். மழை ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 என்று நினைத்துப் பாருங்கள். துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது. சாப்பாட்டுக்கு மட்டும் நான் ஏங்கவே இல்லை. தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் சிவப்பு பீன்ஸும், நம் வீட்டுச் சமையலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. கரையோர மரமும் நம் தெருக்களில் நிற்கிற அதே நாட்டு வாதுமைதான்.

அங்கே வருவது பச்சை ஆமை. நம் மீனவர்கள் பேராமை என்பார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை அந்த 35 கிலோமீட்டர் கரையில் ஆயிரக்கணக்கில் ஏறி முட்டையிடும். 1950களில் அந்தக் கரை ஓர் ஆமைச் சந்தை. வெலடோர் என்று சொல்லப்பட்ட காவல்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு மைல் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். முட்டையிட வருகிற ஆமையை இரவில் மல்லாக்கப் புரட்டிப் போடுவது அவர்கள் வேலை. புரண்ட ஆமை தானாக எழாது. பிறகு படகு வந்து அள்ளிக்கொண்டு போகும். கறிக்கும் சூப்புக்கும் அது கப்பல் ஏறியது.

அந்த நிலையில்தான் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் அங்கே வந்தார். 1955இல் ஆமைகளுக்கு எண் போட்ட தகடு மாட்டத் தொடங்கினார். 1959இல் இதற்கென்றே ஓர் அமைப்பு உருவானது. இன்று சீ டர்ட்டில் கன்சர்வன்சி என்ற பெயரில் அதுதான் அங்கே ஆய்வை நடத்துகிறது. 1975இல் அந்தப் பகுதி சட்டப்படி தேசியப் பூங்கா ஆனது. இதில் ஒன்று என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. இன்றும் கரையில் தூரம் குறிக்கும் கம்பங்கள் மைல் கணக்கில்தான் நடப்பட்டிருக்கின்றன, ஒரு மைலுக்கு எட்டு வீதம். ஆமையைப் புரட்டுகிறவனுக்கு மைல் பிரித்துக் கொடுத்த அதே கரையில், இப்போது முட்டையை எண்ணுகிறவள் மைல் பார்த்துக் குறித்துக்கொள்கிறாள்.

நான் போகும்போது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. சென்னைக் கரையில் முட்டையிட வருகிற பங்குனி ஆமைக்காக இரண்டு பருவம் நடந்திருக்கிறேன். இங்கே என்ன செய்வோம்? முட்டைகளை அப்படியே எடுத்து வேலி போட்ட பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்போம். கரை முழுக்கத் தெருவிளக்கு, பொரிந்த குஞ்சு கடலை விட்டு அந்த வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும். போதாததற்கு நாய்கள், மனித நடமாட்டம். வேறு வழியில்லை. அங்கே முட்டையை இருந்த இடத்திலேயே விட்டார்கள். கரையோரச் செடிகளில் மூன்று நாடாக்களைக் கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் குழிக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். "ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டேன். எங்கள் குழுவை நடத்தியவர் அந்த ஊர்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். "இங்கே கரை இருட்டாக இருக்கிறதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டு பருவ அனுபவமும் அதற்குரிய ஊருக்குத் திரும்பிவிட்டது.

இரண்டாம் இரவு நான் ஒரு தவறு செய்தேன். குழுத் தலைவிக்குப் பின்னால்தான் வரிசையாக நடக்க வேண்டும். நான் ஈரத்தில் தட்டுப்பட்ட தடத்தைப் பார்த்த அவசரத்தில் இரண்டடி முன்னால் போய்விட்டேன். அலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பேராமை அசைவைப் பார்த்து நின்றது. மெல்ல வளைந்தது. முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிட்டது. ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேர்ந்து மணலில் ஒரு வளைவு. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'மேதியா லூனா', அரை நிலா. தலைவி என்னைத் திட்டவில்லை. நோட்டை எடுத்து நேரம், மைல், 'அரை நிலா 1' என்று எழுதினார். "நாளைக்கு வரும்" என்றார். வந்திருக்கலாம். ஆனால் பல நூறு கிலோமீட்டர் நீந்தி வந்த ஓர் உயிரை அந்த இரவு நான் திருப்பி அனுப்பினேன். உதவி செய்ய வந்தவனின் அவசரம் எவ்வளவு தொல்லை தரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதற்கப்புறம் சொன்னதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். கறுப்பு உடை. வெள்ளை விளக்கு கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆமை குழி தோண்டும்போது கிட்டே போகக் கூடாது. முட்டை விழத் தொடங்கியதும் அதற்கு ஒருவகை மயக்கம் வரும், அப்போதுதான் பின்பக்கமாக நெருங்கலாம். முதலில் எண்ணிக்கை. அப்புறம் துடுப்பின் இடுக்கைத் தடவி, பழைய தகடு இருக்கிறதா, தகடு கழன்ற ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் புதுத் தகடு. பிறகு ஓட்டின் நீளம், பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியேறியதும் அதே குழியைத் தோண்டி, காலி ஓடுகளையும் அழுகிய முட்டைகளையும் தனித்தனியாக எண்ணுவார்கள். அந்த நாற்றம் இரண்டு நாள் விரலில் இருக்கும்.

இத்தனை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1971 முதல் 2003 வரையான கணக்கை வைத்து, அந்தக் கரையில் பேராமை இடும் கூடுகள் 417 சதவீதம் கூடியிருப்பதாக 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேட்டையைக் கட்டுப்படுத்தியதும் கரையைக் காத்ததும் வீண் போகவில்லை என்று உலகத்துக்குச் சொன்னது அந்தக் கணக்குதான். பிறகு எண்ணிக்கை மறுபடி இறங்குவதையும் அதுவேதான் காட்டிக்கொடுத்தது. 2023இல் அதுவும் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரு பேராமை பெரியதாகி முட்டையிட வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அப்படியானால் நான் பார்த்த குஞ்சு திரும்பி வருகிறதா என்று பார்க்க இன்னொரு தலைமுறை அந்தக் கரையில் நடக்க வேண்டும். ஒரே ஆள் செய்து முடிக்கிற வேலை அல்ல. சங்கிலியில் ஒரு கண்ணியாக நின்றுவிட்டு நகர வேண்டியதுதான்.

தகடுகளின் கதை இன்னும் நெருக்கமானது. டோர்ட்டுகேரோவில் மாட்டிய தகடுகளில் பெரும்பாலானவை பக்கத்து நாடான நிக்கராகுவாவின் மிஸ்கிட்டோ கடலோரத்திலிருந்துதான் திரும்பி வந்தன. ஆமை மேய்கிற கடற்புல் வெளி அங்கே இருக்கிறது. ஆமைக்கறி அந்த மிஸ்கிட்டோ மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உணவு. அறுக்கும்போது கிடைத்த தகட்டை அனுப்பினால் சிறு சன்மானம் உண்டு. அப்படித்தான் ஆமைகள் எங்கே போகின்றன என்பதே தெரிந்தது. அந்த மக்கள் மேல் கோபப்பட எனக்கு ஓர் உரிமையும் இல்லை. விமான டிக்கெட் எடுத்து வந்தவன், சோற்றுக்குக் கடலை நம்பியிருப்பவனுக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். அதே கரீபியக் கரையில், லிமோன் நகரத்துக்குப் பக்கத்தில் மோயின் என்று ஒரு கரை. ஹைரோ மோரா சான்டோவால் என்ற இளைஞர் அங்கே தோணியாமை என்ற இன்னொரு வகைக் கடலாமையின் கூடுகளைக் காத்துவந்தார். வயது 26. 2013 மே 31 அன்று ரோந்தில் இருந்தவரை முட்டை திருடும் கும்பல் கடத்திக் கொன்றது. அவருடன் நான்கு வெளிநாட்டுப் பெண் தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களையும் பிடித்து வைத்தார்கள், அவர்கள் தப்பிவிட்டார்கள். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து 2015இல் எல்லாரும் விடுதலை, மறுவிசாரணை நடந்து 2016இல் நான்கு பேருக்குத் தண்டனை. இன்று காண்டோகா–மன்சனியோ வனவிலங்குப் புகலிடத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நாம் ஒரு மாதம் கழித்து ஊர் திரும்புவோம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கரைதான் ஊர். பகைத்துக்கொண்டவன் அடுத்த தெருவில் இருப்பான். ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். உள்ளூர்க்காரர் ஒரு கரைக்கு இரவில் போக வேண்டாம் என்றால் போகாதீர்கள், கட்டணம் கட்டியிருந்தாலும்.

கட்டணம் என்றதும் பலர் முகம் மாறுகிறது. ஆமாம், பெரும்பாலான இடங்களில் தன்னார்வலர்தான் பணம் கட்ட வேண்டும். அதில் தவறில்லை, நம் சோற்றுக்கும் படுக்கைக்கும் யாரோ செலவு செய்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் ஊருக்குள் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வராத இடத்தை நான் தவிர்ப்பேன். பணம் கட்ட முடியாதவர்கள், தொழில் அனுபவம் சேர்ந்த பிறகு ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டத்தைப் பாருங்கள். 1971 முதல் நடக்கிறது, அவர்களே படி கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடிவிட்டு வரலாம் என்று விளம்பரம் வந்தால் போகாதீர்கள். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்த நாட்டில் அநாதைகள் பெருகவில்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகளும் அவர்களின் நன்கொடையும். அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பு கிடைக்கும், சோறு கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு குழந்தை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், நீங்கள் பதினைந்தாம் நாள் விமானம் ஏறுவீர்கள், அடுத்த ஆள் வருவார், மறுபடி கட்டிக்கொள்ளும். அந்தக் குழந்தை எத்தனை முறை கைவிடப்பட்டது என்று எண்ண அங்கே யாரும் நோட்டு வைத்திருக்கவில்லை. நம்மூரில் செய்ய அனுமதி இல்லாத ஒன்றை, ஊசி போடுவதோ வகுப்பெடுப்பதோ, வேற்று நாட்டு ஏழைகளிடம் செய்து பழகவும் நமக்கு அனுமதி இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பெசன்ட் நகரிலிருந்து தொடங்குங்கள். பாம்பு, முதலை ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் 1970களில் இந்தக் கரையில் ஆமைக்காக நடந்தார்கள். 1988 முதல் மாணவர்களே ஒரு கடலாமைப் பாதுகாப்புக் குழு அமைத்து, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இன்றுவரை நடக்கிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. வேலை இங்கேயும் இருக்கிறது. ஒரு பருவம் தூக்கம் கெட்டு நடந்துபாருங்கள். ஒரு ஆமையும் தென்படாத இரவுகள்தான் நிறைய இருக்கும். அந்த வெறும் இரவுகளுக்குப் பிறகும் நடக்கப் பிடித்திருந்தால், அப்புறம் தாராளமாகக் கடல் தாண்டிப் போங்கள்.

கடைசி இரவைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மூன்றாம் மைல் தாண்டி ஒரு பேராமை. எண்ணி முடித்துத் துடுப்பைத் தடவியபோது பாசி படிந்த ஒரு பழைய தகடு விரலில் பட்டது. கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். தலைவி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். விடிந்ததும் நிலையத்தில் பதிவைத் தேடினார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய அதே இடத்தில் மாட்டிய தகடு. மாட்டியவர் என்ற கட்டத்தில் இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. யார், எந்த நாடு என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதிவுக்குக் கீழே புது வரி சேர்த்து, அதே கட்டத்தில் என் முதலெழுத்துகளைப் போடச் சொன்னார்கள். போட்டேன். மத்தியானப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்றிரவுக்கு வேண்டிய பென்சில்களைச் சீவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.