அம்மியை நகர்த்தும் பின்னங்கள்

(எங்கள் ஊர்ப் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊர்த் தலைவர், செயலாளர், பொருளாளர் பெருமக்களே, நாகர்கோவிலிலிருந்து இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் கல்வித்துறை அதிகாரி ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, கோயில் கொடைக்கமிட்டி நிர்வாகிகளே, படிப்பகத்துக்கு இரும்பு அலமாரி வாங்கித் தந்த வங்கி மேலாளர் அவர்களே, ஒலிபெருக்கிக்குக் காசே வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தம்பி அவர்களே, முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, பின்வரிசையில் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் நாளைக் காலை டீக்கடையில் எனக்கு அது நினைவூட்டப்படும் என்று தெரியும். ஆகவே விட்டுப்போனவர்களுக்கு இரண்டு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கணக்கிலும் பாட்டிலும் இசைத் தொடர்'. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். முதலாவது கணக்கு. இரண்டாவது இசைக்கருவியின் தந்தி. மூன்றாவது, நம் பழந்தமிழ்ப் பண்களில் இருக்கும் அளவு. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழமொழி போதும்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என்னிடம் படித்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் எடுத்தாலும் இந்தப் பழமொழியில்தான் போய் முடிப்பேன்.

ஆனால் இந்தப் பழமொழி எப்போதும் உண்மையா? சோதித்துப் பார்ப்போம். முதல் அடியில் அம்மி ஒரு சாண் நகர்கிறது. கை களைத்துவிடுகிறது. அடுத்த அடியில் அரைச் சாண், அதற்கடுத்ததில் கால் சாண், பிறகு அரைக்கால் சாண், இப்படி ஒவ்வோர் அடியும் முந்தியதில் பாதி. ஆயுள் முழுவதும் அடியுங்கள், உங்கள் பேரன் பேத்தியும் வந்து அடிக்கட்டும். அம்மி இரண்டு சாணைத் தாண்டாது. பழமொழி தோற்றுவிட்டது.

இப்போது களைப்பை வேறு விதமாக வைத்துக்கொள்வோம். முதல் அடி ஒரு சாண், இரண்டாம் அடி அரைச் சாண், மூன்றாம் அடி மூன்றில் ஒரு பங்கு, நான்காம் அடி நான்கில் ஒரு பங்கு, நூறாம் அடி நூறில் ஒரு பங்கு. இதுதான் இசைத் தொடர். இங்கும் அடி சிறுத்துக்கொண்டேதான் போகிறது. ஆனால் இந்த அம்மிக்கு எல்லை கிடையாது. பத்துச் சாணா? போகும். ஆயிரம் சாணா? போகும்.

இதை நிரூபிக்கக் கல்லூரிப் படிப்பு வேண்டாம். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் அரைக்கு மேல் வருகிறது. அடுத்த நான்கு பின்னங்கள், ஐந்தில் ஒன்று முதல் எட்டில் ஒன்று வரை, எதுவும் எட்டில் ஒன்றுக்குக் குறைந்ததில்லை. ஆகவே கூட்டினால் அரைக்கு மேல். அடுத்த எட்டைக் கூட்டினாலும் அரைக்கு மேல். அடுத்த பதினாறும் அப்படியே. அரை, அரை, அரை என்று முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் எந்த எல்லை தாங்கும்? இதை முதலில் கண்டவர் நிக்கோல் ஓரெம் என்ற பிரெஞ்சுக்காரர், 1350-ஐ ஒட்டி. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நமக்கு வடமேற்கே, கேரளத்து இரிஞ்ஞாலக்குடா பக்கத்தில், சங்கமகிராம மாதவன் என்ற கணித அறிஞர் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே போய் வட்டத்தின் பை மதிப்பில் கால் பங்கைப் பிடித்தார். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டத்து நாமும் அந்தத் திருவிதாங்கூர்-கொச்சிச் சீமையோடு இருந்தவர்கள்தானே, கொஞ்சம் பெருமை நமக்கும் உண்டு.

எல்லை இல்லை என்றேன், வேகம் என்று சொல்லவில்லை. அம்மி பத்துச் சாண் நகர 12,367 அடி வேண்டும். நொடிக்கு ஓர் அடி என்றால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நூறு சாண் நகர எத்தனை அடி தெரியுமா? அது 44 இலக்கங்கள் கொண்ட எண். அண்டம் தோன்றி 1,380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அன்று முதல் நொடிக்கு ஓர் அடியாக நிறுத்தாமல் அடித்திருந்தாலும் அம்மி இன்று 41 சாண்தான் போயிருக்கும். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஐயா, உங்களைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரில் கொடை, அதாவது கோயில் திருவிழா. டீக்கடைக்கு எதிரே மதில் ஓரத்தில் தச்சு மேஸ்திரி ஒருவர் பந்தலுக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். ஒரே அளவில் அறுத்த பலகைத் துண்டுகள், ஓர் அடி நீளம், ஓர் அங்குலக் கனம், அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. "அண்ணாச்சி, ஆணி இல்லாமல், பசை இல்லாமல், இந்தப் பலகைகளில் நாலே நாலை மதில் விளிம்பில் அடுக்கி, மேல் பலகையை முழுக்க மதிலுக்கு வெளியே நிறுத்திக் காட்டட்டுமா?" என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சாரே, உங்கள் கணக்கு கரும்பலகையில் நிற்கும், என் பலகையில் நிற்காது. நின்றால் இங்கிருக்கும் எல்லோருக்கும் வடையும் டீயும் என் கணக்கு." இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா? சீட்டுக் கட்டைப் போட்டுவிட்டு நாலு பேர் வந்தார்கள். பூ விற்கும் அக்கா கூடையோடு வந்தார். பூதப்பாண்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதாமல் இறங்கி வந்து எங்களோடு நின்றுகொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், பிறகு அவர்களும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி தாமே முதலில் செய்து காட்டினார். கீழ்ப் பலகையை வைத்தார், அதன்மேல் சமமாக மூன்று விரற்கடை தள்ளி ஒன்று, இன்னும் மூன்று விரற்கடை தள்ளி ஒன்று, நாலாவது வைக்கும்போது எல்லாம் சரிந்து கீழே படுத்திருந்த நாயின் பக்கத்தில் விழுந்தன. நாய் அன்று முதல் அந்த மதிலோரம் படுப்பதில்லை. "பார்த்தீர்களா?" என்றார். நான் சொன்னேன், "அண்ணாச்சி, எல்லாவற்றையும் ஒரே அளவு தள்ளக்கூடாது. மேலிருந்து கணக்குப் போடவேண்டும். மேல் பலகை ஆறு அங்குலம், அதற்குக் கீழ் மூன்று, அதற்குக் கீழ் இரண்டு, கடைசிப் பலகை மதிலைத் தாண்டி ஒன்றரை. கூட்டுங்கள்." கண்டக்டர்தான் முதலில் கூட்டினார். சில்லறைக் கணக்கில் அவரை வெல்ல ஆள் உண்டா? "பன்னிரண்டரை! பலகையே பன்னிரண்டுதானே!" ஆறு, மூன்று, இரண்டு, ஒன்றரை: ஆறை ஒன்றால், இரண்டால், மூன்றால், நான்கால் வகுத்தவை. நம் இசைத் தொடரேதான், பாதி உருவில்.

அரை அங்குலம் மிச்சம் இருப்பதால் ஒவ்வொன்றையும் ஒரு நெல் கனத்துக்கு உள்ளே இழுத்துவைத்தேன். மூச்சு விடாமல் நான்காவதை வைத்தேன். நின்றது! பூக்கார அக்கா கை தட்டினார். மேஸ்திரி விட்டாரா? தூக்குக்குண்டை எடுத்துவந்து, மேல் பலகையின் உள் விளிம்பிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். குண்டு மதிலைத் தொடாமல் கீழே இறங்கியது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி, எந்த மாணவனும் என்னிடம் கேட்காத கேள்வி: "சாரே, பலகை தந்துகொண்டே இருந்தால் ரோட்டைத் தாண்டுமா?" தாண்டும் அண்ணாச்சி, எல்லையே இல்லை என்றேன். இரண்டு அடி வெளியே போக 31 பலகை. மூன்று அடிக்கு 227. ஐந்து அடிக்கு 12,367. அவர் மனக்கணக்காகச் சொன்னார்: "அங்குலப் பலகை, அப்படியானால் உயரம் ஆயிரம் அடிக்கு மேல்!" இன்று என்றால் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் காட்டியிருப்பேன். 133 அடிச் சிலைகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த உயரத்துக்கு எட்டாது. ஐந்து அடி தாண்டுவதற்கு! வடையும் டீயும் எல்லோருக்கும் வந்தன, டிரைவருக்கும் சேர்த்து. பஸ் எப்போது புறப்பட்டது என்பதைப் பற்றிப் பேசவேண்டாம், போக்குவரத்துக் கழகத்தார் யாராவது இங்கே இருக்கலாம்.

அந்த மேஸ்திரி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் வில்லுப்பாட்டுக் குழுவில் இடப்பக்கம் அமர்ந்து உடுக்கை அடித்தவர். வாரை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியைச் சேர்த்துப் பழகிய காது அவருக்கு. அளவு எங்கே இருக்கிறது என்று தேடும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்பது என் துணிபு. இதுதான் இரண்டாவது செய்திக்கு வாசல்.

ஒரு தந்தியை மீட்டுங்கள். அது முழு நீளத்துக்கும் அதிர்கிறது. அதே வேளையில் இரண்டு பாதிகளாக, மூன்று பகுதிகளாக, நான்கு பகுதிகளாகவும் அதிர்கிறது. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. கணக்கன் இந்தப் பின்னங்களைக் கூட்டுகிறான், பாடகன் இவற்றைக் கேட்கிறான், வேறுபாடு அவ்வளவுதான். முழுத் தந்தி ஆதார சட்ஜம், அதாவது 'ஸ', என்றால் பாதித் தந்தி மேல் சட்ஜம். மூன்றில் ஒன்று அதற்கும் மேலே பஞ்சமம், அதாவது 'ப'. நான்கில் ஒன்று மறுபடியும் சட்ஜம். ஐந்தில் ஒன்று அந்தர காந்தாரம், ஒரு வகை 'க'. தம்பூராவில் தந்திக்கு அடியில் ஜீவா என்று ஒரு நூல் இழையைச் செருகி நகர்த்துவார்கள். அது சரியான இடத்தில் நின்றுவிட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் காற்றில் கேட்கும். சுயம்பு என்று அதற்கு வித்துவான்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழில் ஒன்று மட்டும் நாம் பாடும் நிஷாதத்துக்குச் சற்று இறங்கி நிற்கும், அதை விட்டுவிடுவோம்.

தந்தியின் பகுதிகள் எழுப்பும் இந்த மேற்சுரங்களை 1701-இல் கணக்காக எழுதிவைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சாவேர். பேச்சும் செவியும் சரிவர அமையாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டு வராத பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரை நினைவூட்டுகிறேன்.

எல்லாப் பொருளும் தந்தியைப்போல் ஒழுங்காக ஒலிக்காது. சாதாரணத் தோல் முரசின் மேற்சுரங்கள் முழு எண் கணக்குக்குள் வராது. அதனால்தான் அதில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தில் மட்டும் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், 'சோறு' எனப்படும் கறுப்புப் பசையைப் பூசி, அந்தத் தோலைத் தந்தியின் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் நம் முன்னோர். சர் சி.வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார், 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இசைத்தூண்களும் கருங்கல், தந்தி அல்ல. கல்லின் மேற்சுரங்கள் வேறு வழியில் போகும். அந்தத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழமொழி கல்தூணுக்கும் பொருந்தும். அடிமேல் அடி விழுந்தால் அதுவும் தேயும்.

மூன்றாவது செய்தி பண்கள். குரல் எனும் சட்ஜத்திலிருந்து இளி எனும் பஞ்சமம், இளியிலிருந்து அதன் இளி என்று ஏழிசையையும் பிறப்பிக்கும் முறை சிலப்பதிகாரம் அறிந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலில் சுருதிக் கணக்கோடு மல்லுக்கட்டினார். அதற்குள் நுழைந்தால் சமையல்கூடத்தில் சாம்பார் ஆறிவிடும். தலைவர் அம்மா வேறு சீட்டு அனுப்பிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானை மீதேறித் திருவனந்தபுரம் போகிறாள். வழியெங்கும் நின்று கும்பிடுகிறோம். ஆனால் நம் ஊர் அரசுப் பள்ளிக்குள் பாட்டு வகுப்பு என்று ஒன்று நுழைந்து எத்தனை காலம் ஆகிறது? கால அட்டவணையில் ஒரு பீரியட் இருக்கிறது. அதில் கணக்கு நடத்துகிறார்கள். கணக்கு வாத்தியார் நானே சொல்கிறேன், அது கணக்குக்கும் நல்லதல்ல. கலைவாணர் பிறந்த மாவட்டம் இது. வில்லுப்பாட்டைச் சினிமா வரை கொண்டுபோனவர் அவர். கொடைக்குக் கொடை வில்லடி கேட்ட ஊர்களில் இன்று வில்லுப்பாட்டு ஆசான்களான அண்ணாவிகளுக்கு முடி நரைத்துவிட்டது; வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைப் பிடிக்கப் பின்னால் ஆள் இல்லை. வாரத்தில் ஒரு பீரியட், ஊரிலேயே இருக்கும் அண்ணாவி ஒருவருக்கு மதிப்பூதியம், பள்ளிக்கு ஒரு வில், ஒரு குடம், ஒரு உடுக்கை, ஒரு தம்பூரா. கேட்பது இவ்வளவுதான்.

மனு கொடுத்திருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அடுத்த மனுவுக்கும் அதே வரி, தேதி மட்டும் வேறு. முதல் மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது. இரண்டாவதில் பாதிப் பேர். மூன்றாவதில் கால்வாசி என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்: இரண்டு சாணோடு நின்றுபோகும். களைப்பு வரத்தான் செய்யும், வரட்டும். பாதி பாதியாகக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், அடிமேல் அடி தன் வேலையைச் செய்யும். கல்வித்துறை ஐயா மேடையில் இருக்கும்போதே சொல்கிறேன், அடுத்த மனு தயாராக இருக்கிறது. ஐயா சிரிக்கிறார், நல்ல சகுனம்.

படிப்பக வாசலில், நன்கொடை உண்டியலுக்குப் பக்கத்து மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் வழிதான். பெயர், வீட்டு எண், ஊர் மூன்றையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர் இல்லாத கையெழுத்தைத் தள்ளிவிடுகிறார்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே படிப்பகத்தில் அண்ணாவி ஒருவர் வில்லோடு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். குடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. விரிசல் இல்லாத குடம் யார் வீட்டில் இருந்தாலும் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.