மண்புழு தின்னும் பாம்பு

வணக்கம் நேயர்களே. பாம்பைப் பற்றிப் பேச ஆள் வருகிறார் என்றதும் ராஜநாகக் கதைதான் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன். முதலில் ஒரு பொடிப்பாம்பு.

வடகிழக்கு இந்தியாவில், அஸ்ஸாமை ஒட்டிய மலைகளில், டிராக்கிஸ்கியம் மான்டிகோலா என்றொரு பாம்பு இருக்கிறது. பெயர்தான் பெரிசு. ஆள் மெலிசு, பழுப்பு நிறம், கல்லுக்கும் மட்கிய மரக்கட்டைக்கும் அடியில் ஈரமண்ணிலேயே காலம் தள்ளுவது, சாப்பாடு மண்புழு. தலை எங்கே முடிந்து கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. மண்ணுக்குள் முட்டிக்கொண்டு போகிறவனுக்கு அகலத் தலை எதற்கு? கண்ணும் சின்னது. செதில் வழவழவென்று இருப்பதால் சேறு ஒட்டுவதில்லை. மனிதருக்கு இதனால் ஒரு ஆபத்தும் கிடையாது.

1839-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் தியோடர் கேன்டர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க்கு டாக்டர். 1836-இல் ராஜநாகத்தை முதன்முதலாக விவரித்து எழுதியவரும் இதே மனிதர்தான்! உலகத்திலேயே நீளமான விஷப்பாம்பைக் கையில் வைத்திருந்தவர், மூன்றே வருடத்தில் புழு தின்கிற பாம்புக்கும் மெனக்கெட்டிருக்கிறார் பாருங்கள், அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அப்புறம் நம்ம பினாங்குக்கும் வந்தார். மலாயாவின் ஊர்வன பற்றி 1847-இல் அவர் வெளியிட்ட பட்டியலில், இங்கே பினாங்கிலேயே கிடைத்த ஒரு குட்டிப் பாம்பும் உண்டு. இன்றைய பெயர் சூடோரப்டியன் லாங்கிசெப்ஸ். வளர்ந்ததே ஏறக்குறைய ஒரு சாண்தான். பார்க்க வெறும் கறுப்பு, ஆனால் டார்ச் அடித்தால் செதில் மேல் நீலமும் பச்சையுமாக மினுமினுப்பு ஓடும், சிலதுக்குக் கழுத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் பட்டை. காட்டோரத்துச் சருகுக்குள் இருக்கும், விஷமில்லாதது. கொடிமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் தோட்டத்தைக் கூட்டும்போது இதைப் பார்த்துவிட்டு உடனே பராங் கத்தியைத் தேடுகிறார்கள், இல்லையென்றால் வெந்நீர். ஐயா, எதற்கு?

பூச்சட்டியில் நெளிவது வேறு ஆள், அது குருட்டுப் பாம்பு. எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்னும். அதில் ஆணே கிடையாது, பெண் தனியாகவே முட்டையிட்டு வம்சத்தை வளர்க்கும். உடம்பில் வளையம் வளையமாக இருந்து கொழகொழவென்றால் மண்புழு, காய்ந்து பளபளத்து நாக்கை நீட்டினால் பாம்பு.

சரி, விஷமில்லை என்றேன் என்பதற்காகக் கையால் தூக்கிவிடாதீர்கள். நம் காட்டில் பவழப்பாம்பும் இருக்கிறது, அதுவும் ஒல்லிதான், அதுவும் சருகுக்கடியில்தான், ஆனால் கடுமையான விஷம். நீல உடம்பில் தலையும் வாலும் சிவந்த வகையை எளிதில் அடையாளம் தெரியும், கோடு போட்ட பழுப்பு வகைதான் ஏமாற்றிவிடும். விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளவும் வேண்டாம். தள்ளி நின்று வழி விடுங்கள், வீட்டுக்குள் வந்துவிட்டால் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.