பெரம்பலூரில் என்னதான் இருக்கிறது?

வணக்கம் மக்களே! குரல் கரகரப்பாக இருந்தால் மன்னியுங்கள், எல்லாம் வெயில். நேற்று முழுக்கப் பெரம்பலூர் மாவட்டத்தில் வண்டியில் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். போனதே கோபத்தில்தான். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "பெரம்பலூரா? திருச்சி பஸ் டீக்கு நிற்குமே, அந்த இடம்தானே?" என்றார். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டேன். சரி, பொய் சொல்ல மாட்டேன், குடித்தேன். ஆனால் ருசிக்கவில்லை.

முதலில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். காலை ஆறரைக்கே போய் நிற்கிறேன், சன்னதி பூட்டியிருக்கிறது. பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னிக்கு புதன்" என்றார். இங்கே அம்மன் தரிசனம் திங்கள், வெள்ளி மட்டும்தான். ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியவில்லை! போன மாதம் பூட்டிய அருங்காட்சியகத்தின் வாசலில் நின்று பேசினேனே, அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் கிழமை பார்த்துக் கிளம்புகிற ஆள் இல்லை. அந்த அக்காவிடமே இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் பந்திக்காரருக்குக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. அப்போதிருந்த 32 மாவட்டங்களில் இதுதான் கடைசி. அதிலும் நகரத்தில் இருப்பவர்கள் 17 சதவீதம்தான், மீதிப் பேர் கிராமத்தில். அதனால் பைபாஸில் நின்று பார்த்தால் மாவட்டம் கண்ணில் படாது. வேப்பந்தட்டை பக்கமோ குன்னம் பக்கமோ உள்ளே திரும்ப வேண்டும். மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, நடுவில் கரிசல் காடு, மக்காச்சோளம், பருத்தி. மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது, அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். இது முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தது, 1995இல்தான் தனியாகப் பிரிந்தது. அரியலூரும் அப்போது இதற்குள்தான். 2001இல் அதைப் பிரித்தார்கள், அடுத்த வருடமே திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். கூட்டுக் குடும்பம் மாதிரி.

சரி, வெங்காயம். செட்டிகுளம் போகிற வழியில் ஒரு பட்டறை பார்த்தேன், அதாவது வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற குவியல். தரையில் கல் அடுக்கி, அதன்மேல் குச்சி பரப்பி, சின்ன வெங்காயத்தை நீளமாகக் குவித்து, மேலே கீற்று போட்டிருந்தார்கள். அடியில் காற்று ஓடுவதால் சீக்கிரம் அழுகாதாம். அங்கிருந்த பெரியவர் கிலோ 40 என்றார். நான் 30 என்றேன். அவர் பேசவே இல்லை, வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். நானும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம்! கடைசியில் 35க்கு ஐந்து கிலோ, மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். எங்கள் தெருக் கடையில் இதே சரக்கு 70. இந்த வருடம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். பந்தியில் சொன்னால் நம்புவார்களா?

சாத்தனூர் கல்மரத்துக்கு மதியம் போனேன், செருப்பு உருகுகிற வெயில். சுமார் 12 கோடி வருடத்துக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் கடல் போட்டுவிட்டுப் போன மரம்! பட்டையின் வரி வரியான கோடுகள்கூடத் தெரிகின்றன. தொட்டால் சுடுகிறது. அங்கே நான் இருந்த ஒரு மணி நேரத்தில் வந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் நிழல் தேடி வந்தவர்.

ரஞ்சன்குடி கோட்டைக்குப் போவதற்குள் கேமரா பேட்டரி தீர்ந்தது. கோட்டையைப் படம் எடுக்க வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். ஆமாம், வெள்ளிக்கிழமை. காலண்டரில் வட்டமே போட்டுவிட்டேன்.