பழைய பென்ஸ் கண் சிமிட்டும், எண்ணத் தெரியுமா?

(இருட்டுத் திரை. சிவப்புப் புள்ளி ஒன்று ஏழு முறை மின்னி அணைகிறது.)

எண்ணினீர்களா? ஏழு. தீபாவளிக்குச் சிங்கப்பூர்த் தேக்காவில் மாட்டுகிற சீரியல் லைட் இல்லை இது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் செய்த ஒரு பென்ஸ், தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனர் கிடையாது, லேப்டாப் கிடையாது. ஒரு எல்இடி, ஒரு பொத்தான், மூன்று ஒயர், அவ்வளவுதான். மொத்தச் செலவு பத்து வெள்ளிகூட வரவில்லை.

வணக்கம் மக்களே. எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து பேசுகிறேன், பின்னால் கேட்கிற சத்தம் ஏர்கான் கம்ப்ரஸர், மன்னித்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் இவ்வளவு பழைய காரை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்குகிற உரிமைச் சீட்டைப் புதுப்பிக்கிற செலவு, அதனால் கைவிட்டுப் போன பார்ஃப் தள்ளுபடி (காரைப் பதிவிலிருந்து எடுத்தால் திரும்பக் கிடைக்கிற பணம்), பத்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் பரிசோதனை, சாலை வரியில் 10 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற கூடுதல், எல்லாம் தெரிந்தேதான் வைத்திருக்கிறோம். பைத்தியம்தான். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

வரலாறு ஒரே மூச்சில்: எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 ஊசிச் சாக்கெட், ஒரே மாதிரி எரர் கோட் என்கிற ஓபிடி-2 ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்து. அதற்கு முன்னால் அவரவர் வீட்டுக்கு அவரவர் பூட்டு. முடிந்தது வரலாறு.

இப்போது இந்தக் கார். என் மாமாவின் 1994 பென்ஸ் எஸ்320, கம்பெனி டபிள்யூ140 என்று பெயர் வைத்த உடம்பு. இந்த வகையின் ஆரம்பகாலக் கார்கள் சிலவற்றில் ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஆண்டெனா மாதிரி கம்பி எழும்பும், கார் எங்கே முடிகிறது என்று ஓட்டுநர் பார்த்துக்கொள்ள. கேமராவும் சென்சாரும் இல்லாத காலத்தில் அவர்கள் யோசித்த யோசனை! சரி, சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பானெட்டைத் திறந்தால் உள்ளே மூடி போட்ட ஒரு வட்டப் பெட்டி. மூடியைத் திருகி எடுங்கள்.

(நெருக்கக் காட்சி: இடியாப்ப அச்சு மாதிரி வட்டமாக ஓட்டைகள்.)

38 ஓட்டை. என்ஜினுக்கு ஒன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு குட்டிக் கம்ப்யூட்டருக்கும், தனி வாசல். ஓட்டைகளுக்கு எண் உண்டு: 1 எர்த், 3 பேட்டரியின் 12 வோல்ட், 4 இந்தக் காரில் என்ஜின். எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர் சேர்த்து, பாசிட்டிவ் காலை 3இல், நெகட்டிவ் காலை 4இல் செருகியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் 4 எர்த்தோடு சேரும்.

சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே. பொத்தானை இரண்டிலிருந்து நான்கு வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடு. இப்போது காத்திரு. முதல்முறை செய்தபோது, ஒன்றுமே நடக்கவில்லையே என்று குனிந்து பார்த்த நேரத்தில் அது மின்னத் தொடங்கிவிட்டது, நான்கா ஐந்தா என்று குழப்பம். "என்ன மாப்ள, எண்ணிட்டியா இல்லையா?" என்று மாமா பக்கத்தில் நின்று கேட்க, நான் தலையை ஆட்ட, மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு முறை மின்னினால் குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், பொத்தானை மறுபடி அழுத்தி அடுத்த எண்ணைக் கேளுங்கள், சொன்ன எண்ணையே திரும்பச் சொல்லும்வரை. அழிக்க வேண்டுமானால் ஒரு எண் வந்து முடிந்ததும் ஆறிலிருந்து எட்டு வினாடி அழுத்த வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. எழுதாமல் அழிக்காதீர்கள், அது டாக்டரிடம் போவதற்கு முன் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போவது மாதிரி.

ஒரு எச்சரிக்கை: ஏர்பேக் ஓட்டைப் பக்கம் பொத்தானோடு விளையாடப் போகாதீர்கள். ஓட்டை மாற்றிச் செருகி ஷார்ட் ஆனால் கன்ட்ரோல் யூனிட்டின் விலையைக் கேட்டு நீங்கள் கண் சிமிட்டுவீர்கள்.

சரி, ஏழு என்றால் என்ன? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏழுக்கு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எந்த ஓட்டையில் வந்த ஏழு, எந்த வருஷத்து என்ஜின் கன்ட்ரோல் என்று பார்த்து, அந்தக் காருக்கு உரிய அட்டவணையில் தேட வேண்டும். மாமா காருக்கு அட்டவணை ஒரு சென்சாரைக் கைகாட்டியது. அந்தச் சென்சாரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே மாற்றியாயிற்று, புத்தம் புதுசு, பில்கூட இருக்கிறது. பின்னே ஏன் அதே எண்?

(நெருக்கக் காட்சி: விரலுக்கிடையில் ஒரு ஒயர்.)

இதைப் பாருங்கள். லேசாக வளைத்தேன், அவ்வளவுதான். ஒயரின் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே செம்பு தெரிகிறது. 90களின் முதல் பாதியில் வந்த பல பென்ஸ் என்ஜின்களின் ஒயரிங்குக்கு இதுதான் பெயர்பெற்ற வியாதி. என்ஜின் சூட்டில் தோல் காய்ந்து உதிர்ந்து, ஒயரும் ஒயரும் தொட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒன்றுதான்: அந்தச் சென்சாரிலிருந்து வர வேண்டிய வோல்டேஜ் சரியாக வரவில்லை. சென்சார் செத்ததா, வழியில் ஒயர் செத்ததா, அதற்கு எப்படித் தெரியும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிஎம்டபிள்யூ ஆட்கள் முறைக்காதீர்கள், உங்களுக்கும் ஒன்று உண்டு. 90களின் முற்பகுதி வரை வந்த பல மாடல்களில் சாவியைத் திருப்பி, ஐந்து வினாடிக்குள் ஆக்ஸிலரேட்டரை ஐந்து முறை அடிவரை மிதித்தால், செக் என்ஜின் விளக்கு நான்கு இலக்க எண்ணை மின்னிக் காட்டும். 1444 வந்தால் குறை இல்லை, 1221 வந்தால் ஆக்சிஜன் சென்சார், அதாவது புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கிற சென்சார், அதன் பக்கம் பார். ஆனால் இது பெரும்பாலும் அமெரிக்கக் கார்களின் வித்தை. நம் ஊருக்கு வந்த கார்கள் பலவற்றில் அந்த விளக்கே கிடையாது, நீங்கள் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2000 வாக்கில் வந்த சில பிஎம்டபிள்யூக்களில் இரண்டு சாக்கெட் இருக்கும், பானெட்டுக்குள் 20 ஊசி வட்டம், உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே வழக்கமான ஓபிடி. பானெட்டுக்குள் இருக்கிற வட்டத்தை மூடி போட்டு இறுக்காமல் விட்டால் உள்ளே இருக்கிற ஓபிடி பேசாது! மூடிக்குள் ஊசிகளை இணைக்கிற பாலம் இருக்கிறது. ஸ்கேனர் ரிப்பேர் என்று நினைத்து இரண்டாவது ஸ்கேனர் வாங்கியவன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஓபிடி சாக்கெட்டில் செருகிப் போனில் பார்க்கிற மலிவு புளூடூத் ஸ்கேனர் பற்றி ஒரே வார்த்தை: புகை சம்பந்தப்பட்ட என்ஜின் கோட் வரைக்கும்தான் அதன் படிப்பு, பழைய ஜெர்மன் காரின் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் பெரும்பாலும் அதற்கு எட்டாது.

ஆனாலும் என் காரை அதுதான் காப்பாற்றியது. 2002 பிஎம்டபிள்யூ, ஆறு சிலிண்டர். பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தன. என்ஜினின் இரண்டு பாதியிலும் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். ஒரு கடையில் "இரண்டு ஆக்சிஜன் சென்சாரும் போச்சு" என்றார்கள். இரண்டும் ஒரே நாளில் சொல்லிவைத்து எப்படிப் போகும்? பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார் இருவரும் ஒரே வாசனையைப் பற்றிப் புகார் சொன்னால் இருவருக்கும் மூக்கு கெட்டுவிட்டது என்றா சொல்வோம்?

ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே வருகிற எண்களைப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது கம்ப்யூட்டர் 18 சதவீதம் கூடுதலாக பெட்ரோல் ஊற்றுகிறது, நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் அது 4ஆக இறங்குகிறது. எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. என்ஜின் நிறைய மூச்சிழுக்கும்போது அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு சிறுத்துப்போகும், அதனால்தான் எண் இறங்குகிறது. உள்ளே போகிற காற்றை அளக்கிற ஏர் மீட்டருக்கும், காற்றைத் திறந்து மூடுகிற திராட்டிலுக்கும் நடுவே போகிற ரப்பர் குழாயைக் கழற்றி மடிப்பை விரித்துப் பார்த்தால், அடிப்பக்கம் சுண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. குழாயை மாற்றினேன், விளக்கு அணைந்தது, சென்சார்கள் இன்னும் பழையதுதான்.

உங்கள் கார் கடைசியாகச் சொன்ன எண் என்ன, கடைசியில் கெட்டுப்போயிருந்தது எது, இரண்டையும் கமெண்டில் போடுங்கள், வேடிக்கையானதை அடுத்த வீடியோவில் படிக்கிறேன். சப்ஸ்கிரைப் பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும், நான்கு வினாடி பிடிக்க வேண்டாம்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மாமா கீழேயிருந்து போன் அடிக்கிறார். அந்த மூடியை எங்கே வைத்தேன்?