ஐயாவுக்கு எத்தனை மார்க்?

வணக்கம். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, தலைமைப் பண்பு பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். அதைப் பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள், நான் அதை அளக்கிற கதையைச் சொல்கிறேன் என்றேன். அதுவும் அரசு அலுவலகத்தில் அளக்கிற கதை.

உருமாற்றத் தலைமை என்று ஒரு சொல் உண்டு. பலனைக் காட்டியோ மெமோவைக் காட்டியோ வேலை வாங்குவது ஒரு வகை. இந்த வேலை யாருக்காக, எதற்காக என்று உறைக்க வைத்து, ஆளையும் ஒரு படி ஏற்றி வேலை வாங்குவது இன்னொரு வகை, அதுதான் இது. 1978-இல் ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் அரசியல் தலைவர்களை மனதில் வைத்து இந்தப் பிரிவைச் சொன்னார், காந்தியை உதாரணமாகக் காட்டினார். 1985-இல் பெர்னார்ட் பாஸ் என்ற உளவியலாளர் அதை மார்க் போடுகிற படிவமாக மாற்றினார்.

எப்படித் தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் 70 மூத்த நிர்வாகிகளிடம், அத்தனை பேரும் ஆண்கள், உங்களை மாற்றிய தலைவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். வந்த பதில்களிலிருந்து கேள்விகளைச் சலித்து எடுத்து, அமெரிக்க ராணுவ அதிகாரிகளிடம் கொடுத்து அவரவர் மேலதிகாரிக்கு மார்க் போடச் சொன்னார். இன்று பெரிதும் புழங்குகிற வடிவத்தில் 45 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்.

கம்பெனியிலும் பட்டாளத்திலும் வளர்ந்த இந்தப் படிவத்தைத் தமிழாக்கி ஒரு அரசு அலுவலகத்தில் கொடுத்தேன். நல்ல வேலைக்குப் பலன் தருகிறாரா என்ற மாதிரி ஒரு கேள்வி வந்ததும் இளநிலை உதவியாளர் ஒருவர் சிரித்துவிட்டார். “இன்கிரிமென்ட் வருஷத்துக்கு 3 சதவீதம் சார், எந்த ஐயா வந்தாலும் அதேதான்” என்றார். பலன் கொடுக்க ஐயா கையில் ஒன்றும் இல்லை, ஆனால் 17ஏ, 17பி என்கிற ஒழுங்கு நடவடிக்கை மெமோ கொடுக்க மட்டும் வழி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கேள்விக்கு 0 விழுந்தால் அது ஐயாவின் மார்க்கா, விதிப் புத்தகத்தின் மார்க்கா?

சரி, மார்க் போடுவது யார்? ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 2007-ஆம் ஆண்டுப் பணி மதிப்பீட்டு விதிகளின்படி 1 முதல் 10 வரை மார்க் உண்டு, தலைமைப் பண்பும் அதில் ஒரு வரி. ஆனால் அதை எழுதுவது மேலதிகாரி. டென்மார்க்கில் மேல்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, முதல்வர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதையும் ஆசிரியர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. இரண்டும் பெரிதாக ஒத்துப்போகவில்லை, பள்ளியின் செயல்பாட்டோடு தொடர்பு காட்டியது ஆசிரியர்கள் சொன்னதுதான். அப்போ கீழே இருப்பவரைக் கேட்காமல் தலைமையை அளப்பது, சமைத்தவரிடமே ருசி கேட்கிற கதை.

கீழே இருப்பவரைக் கேட்டால் மட்டும் ஒழுங்காக வந்துவிடுமா? என் முதல் படிவங்களில் வரிசையாக 2, 2, 2. ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே பதவி, வயது, பாலினம், பணிக்காலம் எல்லாம் கேட்டிருந்தேன்! ஒன்பது பேர் பிரிவில் ஒரே ஒரு பெண் தட்டச்சர், அவர் பெயரை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? படிவம் தலைமையை அளக்கவில்லை, பயத்தை அளந்திருக்கிறது. அதோடு இன்னொரு சிக்கல், ஐயாவைப் பிடித்தவர் எல்லாக் கேள்விக்கும் 4 போட்டுவிட்டு ‘எங்கள் பிரிவு நன்றாக இயங்குகிறதா’ என்பதற்கும் 4 போடுவார். அந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தலைமையால்தான் வேலை நடக்கிறது என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். வேலை நடந்ததா என்பதை அவர் வாயால் கேட்காமல் மனுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை பதவி, வயது எதையும் கேட்கவில்லை, படிவத்தைப் பூட்டிய பெட்டியில் போடச் சொன்னேன். 0-வும் 4-ம் வர ஆரம்பித்தன. ஒருவர் மட்டும் மார்க்கே போடாமல் மேலே எழுதியிருந்தார்: “எந்த ஐயாவுக்கு? இவர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.”

அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது என் படிவத்தில் முதல் கேள்வி அதுதான், இந்த அதிகாரியிடம் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்கிறீர்களா என்று. வணக்கம்.