கையெழுத்துப் போட்டவர்கள் யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"முதல் உலகப்போர் மூளப் பெரிதும் காரணம் கூட்டணிகளும் ஆயுதப் போட்டியுமா? ஆட்சியில் இருந்தவர்களின் முடிவுகளா?" இதுதான் இன்றைய தலைப்பு. ஆட்சியில் இருந்தவர்களின் முடிவுகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் அழகாகப் பேசினார். ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. மறுபக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன். கடலில் போர்க்கப்பல் போட்டி, தரையில் படைப் போட்டி. "ஐரோப்பாவே காய்ந்த வைக்கோற்போராகக் கிடந்தது, யார் தீக்குச்சியைக் கிழித்திருந்தாலும் பற்றியிருக்கும்" என்றார்.

சரி, அந்த வைக்கோற்போர் 1914-ல்தான் வந்ததா? 1905-லும் 1911-லும் மொராக்கோவுக்காக ஜெர்மனியும் பிரான்சும் முறைத்துக்கொண்டு நின்றன. 1908-ல் போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக்கொண்டபோது ரஷ்யா கொதித்தது. 1912-லும் 1913-லும் பால்கன் நாடுகளில் போரே நடந்தது. அப்போதும் ஏறக்குறைய இதே கூட்டணிகள், இதே ஆயுதப் போட்டி. ஏன் உலகப்போர் வரவில்லை? ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பின்வாங்கினார். 1909-ல் ரஷ்யா விட்டுக்கொடுத்தது. 1911-ல் ஜெர்மனி ஆப்பிரிக்காவில் கொஞ்சம் நிலத்தைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியது. 1912 கடைசியில் லண்டனில் தூதர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். பெரிய நாடுகள் மோதிக்கொள்ளவில்லை. பின்வாங்கும் வழி அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

கூட்டணி கையைப் பிடித்து இழுத்தது என்றால் இத்தாலியை ஏன் இழுக்கவில்லை? ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் ஒப்பந்தம் போட்ட நாடு அது. 1914 ஆகஸ்டில் "நாங்கள் நடுநிலை" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தது. மறு ஆண்டு எதிர்ப்பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. ருமேனியாவும் அப்படித்தான். ஒப்பந்தத் தாள் யாரையும் போருக்குத் தள்ளிவிடவில்லை. தள்ளியது யார் என்று பார்க்கத்தான் 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரையிலான அந்த முப்பத்தேழு நாட்களை நாள்வாரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1914 ஜூன் 28. சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் சுடப்பட்டார்கள். சுட்டவன் 19 வயது கவ்ரீலோ பிரின்சிப். கொடுமையான கொலைதான். ஆனால் அன்று மாலை எந்த நாடும் போருக்குப் போகவில்லையே! அடுத்து ஒரு வாரம் கழிந்தது. ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்திரியத் தூதர் ஜெர்மன் பேரரசர் கைசர் வில்லியத்தைச் சந்தித்தார். "என்ன நடந்தாலும் ஜெர்மனி உங்கள் பக்கம்" என்று மதிய உணவு வேளையில் வாக்குக் கொடுத்தார் கைசர். மறுநாள் நார்வேக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார். ஒரு கண்டத்தின் தலையெழுத்து அப்படித்தான் எழுதப்பட்டது.

கொலைக்குச் செர்பியாதான் பொறுப்பு என்று சொல்லி அதைத் தாக்க நினைத்தது ஆஸ்திரியா. அதன் தலைநகர் வியன்னாவில் ஒரே ஒருவர் தடுத்துப் பார்த்தார். ஹங்கேரியின் பிரதமர் டிசா. உடனே தாக்கினால் ரஷ்யா வரும், பெரும்போராகும் என்று எச்சரித்தார். ஒரு வாரம் தாங்கினார். அப்புறம் அவரும் இணங்கிவிட்டார். ஜூலை 23-ல் செர்பியாவுக்குப் பத்துக் கோரிக்கைகளோடு ஓர் இறுதி எச்சரிக்கை, 48 மணி நேரக் கெடு. ஏற்க முடியாதபடி பார்த்துப் பார்த்து எழுதிய கடிதம் அது. அப்படியும் செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கிப் பதில் தந்தது. பதிலை வாங்கிய, செர்பியாவில் இருந்த ஆஸ்திரியத் தூதர் அரை மணி நேரத்தில் ரயில் ஏறிவிட்டார். அந்தப் பதிலை அவர்கள் பொறுமையாகப் படிக்கக்கூட விரும்பவில்லை.

பயணத்திலிருந்து திரும்பிய கைசர் ஜூலை 28 காலையில்தான் அந்தப் பதிலைப் படித்தார். இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று தன் கைப்பட எழுதினார். அதே நாளில்தான் ஆஸ்திரியா போரை அறிவித்தது!

அடுத்த நாள் நடந்ததை எதிரணியினர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ரஷ்யாவில் முழுப் படையையும் திரட்டும் உத்தரவு தயாராகிவிட்டது. ஜூலை 29 இரவு கைசரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அதைப் படித்த ஜார் நிக்கோலஸ் உத்தரவை ரத்து செய்தார். ரத்து செய்ய முடிந்தது, நடுவர் அவர்களே! ஒரு மனிதர் "வேண்டாம்" என்றார். ஒரு பேரரசின் படைதிரட்டல் நின்றது. மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் விடாமல் வற்புறுத்த, அதே மனிதர் "சரி" என்றார். படை திரண்டது. இடைப்பட்ட அந்த ஒரு நாளில் கூட்டணியா மாறியது? ஆயுதமா கூடியது? மாறியது ஒரு மனிதரின் முடிவு.

"போர்த் திட்டங்கள் முன்பே தீட்டப்பட்டிருந்தன, ரயில் அட்டவணை போட்டாயிற்று, நிறுத்த முடியாது" என்றும் நண்பர் சொன்னார். ஆகஸ்ட் 1 மாலை மோல்ட்கே என்ற ஜெர்மன் தளபதியும் இதையேதான் சொன்னார். பிரான்ஸ் ஒதுங்கி நிற்கும் என்று ஒரு தவறான செய்தி வந்தபோது, படையைக் கிழக்கே திருப்பச் சொன்னார் கைசர். முடியவே முடியாது என்றார் தளபதி. ஆனாலும் லக்சம்பர்க்குக்குள் நுழைவதை நிறுத்திவைக்க அன்று மாலையே உத்தரவு போனது. செய்தி தவறு என்று இரவில் தெரிந்ததும், "இனி உங்கள் விருப்பம்" என்று கைசர் கைகழுவினார். திட்டம் தானாகவா ரயில் ஏறியது? ஆகஸ்ட் 4-ல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது.

இந்த முடிவுகளுக்கு விலை கொடுத்த சமூகத்தின் பக்கம் இப்போது வருகிறேன். போருக்கு முன் பிரிட்டனில் வயது வந்த ஆண்களிலேயே சுமார் 40 சதவீதத்தினருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது. பெண்களில் ஒருவருக்கும் கிடையாது. ஆனால் "நண்பர்களோடு சேர்ந்து வாருங்கள், ஒரே படையில் வைத்துக்கொள்கிறோம்" என்று ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். அக்ரிங்டன் என்ற சிறிய ஆலை நகரத்துப் பையன்கள் அப்படித்தான் ஒன்றாகப் போனார்கள். 1916 ஜூலை 1, பிரான்சின் சோம் நதிக்கரை. அவர்களில் ஏறத்தாழ 700 பேர் முன்னேறினார்கள். சுமார் அரை மணி நேரத்தில் 580-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படை மொத்தத்தில் இறந்தவர்கள் மட்டும் 19,240 பேர்.

உடலில் காயமில்லாமல் திரும்பியவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு நின்றது, தூக்கம் போனது. குண்டதிர்ச்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முன்னே போக மறுத்தவர்களையும் ஓடியவர்களையும் சுட்டார்கள். பிரிட்டிஷ் படை தன் சொந்த வீரர்கள் 306 பேரை ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006-ல்! நினைக்கவே மனம் ஆறவில்லை. களத்தில் "முடியாது" என்ற எளிய வீரனுக்குத் துப்பாக்கிக் குண்டு. மாளிகையில் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டியவர்களுக்கு, அப்படிச் சொல்வதால் உயிருக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

இந்தத் துயரம் ஐரோப்பாவோடு நின்றதா? பிரிட்டன் போரை அறிவித்ததுமே இந்தியாவும் போரில் இழுக்கப்பட்டது. இந்தியர் எவரையும் கேட்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. ஜெர்மனியில் 1916-17 குளிர்காலத்தில் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். பிரான்சில் சுமார் ஆறு லட்சம் பெண்கள் கணவனை இழந்தார்கள்.

"பெண்களுக்கு வேலையும் வாக்கும் கிடைத்ததே" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். பிரிட்டனில் 1918-ல் 30 வயதைக் கடந்த பெண்களில் பலருக்கு வாக்கு வந்தது உண்மை. ஆனால் வெடிமருந்துத் தொழிற்சாலையில் தோல் மஞ்சளாகும்வரை உழைத்த இளம்பெண்களில் மிகப் பலருக்கு 30 ஆகவில்லை. லட்சக்கணக்கான கணவர்களை இழந்த பிரான்சின் பெண்களுக்கு 1944 வரை அந்த உரிமையும் வரவில்லை. அந்த வாதத்தை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக ஒன்று. 1919 ஜூன் 28-ல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 231-ஆவது பிரிவு இழப்புக்கான பொறுப்பை ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் வைத்தது. பணம் கட்டியது மக்கள். 227-ஆவது பிரிவு கைசரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தச் சொன்னது. அவரோ நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்த நாடு ஒப்படைக்க மறுத்தது. 1941 வரை தன் மாளிகையில் வாழ்ந்து முடித்தார். ஆஸ்திரியாவின் எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பொறுப்பான வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டும் 1942 வரை வாழ்ந்தார்.

அந்த விசாரணை எந்த நீதிமன்றத்திலும் நடக்கவில்லை, நடுவர் அவர்களே. கூட்டணி மீதும் ஆயுதத்தின் மீதும் பழியைப் போட்டு இந்த மேடையும் அவர்களை விட்டுவிடக் கூடாது. முதல் உலகப்போருக்குப் பெரிதும் காரணம் ஆட்சியில் இருந்தவர்களின் முடிவுகளே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.